நீலச் சோடிக்குக் கறுப்புக் குஞ்சு

கோழி வளர்ப்பவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் புகார் ஒரு முறையாவது வந்துவிடும். நீல நிறச் சோடி என்று நல்ல விலை கொடுத்து வாங்கினேன், அடைவைத்தால் கறுப்பும் வருகிறது, அழுக்கு வெள்ளையும் வருகிறது, விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்பார்கள்.

விற்றவர் மேல் பழி இல்லை. அந்த நிறத்தின் இயல்பே அதுதான். நீலம் என்று நாம் சொல்வது உண்மையில் மங்கிப்போன கறுப்பு. கறுப்பை மங்க வைக்கும் மரபணுவைத் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ ஒரு பங்கு மட்டும் வாங்கிய குஞ்சு நீலச் சாம்பலாக இருக்கும். இருவரிடமிருந்தும் வாங்கினால் இன்னும் வெளுத்து, கரும்புள்ளி தெறித்த அழுக்கு வெள்ளையாகும். இதை 'ஸ்பிளாஷ்' என்பார்கள். ஒரு பங்கும் வாங்காதது கறுப்பாகவே நிற்கும். ஆகவே நீலத்தோடு நீலம் சேர்ந்தால் நூற்றுக்கு 50 நீலம், 25 கறுப்பு, 25 ஸ்பிளாஷ் என்பதே கணக்கு.

அடைக்கு வைத்த 12 முட்டையில் இது 6, 3, 3 என்று அப்படியே வர வேண்டுமென்று எதிர்பார்க்காதீர்கள். ஒவ்வொரு முட்டையும் தனிச் சீட்டு. ஒரே அடையில் ஒன்பது கறுப்பு வந்தாலும் கணக்கு தப்பென்று ஆகாது.

எல்லாக் குஞ்சும் நீலமாக வேண்டுமா? வேண்டாமென்று நீங்கள் மலிவாகத் தள்ளிவிட நினைத்த கறுப்பையும் ஸ்பிளாஷையும் சோடி சேருங்கள். குஞ்சு ஒவ்வொன்றும் கறுப்பிடமிருந்து ஒன்றும் வாங்காது, ஸ்பிளாஷிடமிருந்து கட்டாயம் ஒரு பங்கு வாங்கும். அத்தனையும் நீலம். அழகான சோடியை மட்டும் கூண்டில் வைத்துக்கொண்டு மற்றதை விற்பவர்கள் இதைத்தான் கோட்டை விடுகிறார்கள்.

வெள்ளை இன்னும் பொல்லாதது. லெகார்ன் கோழியின் வெள்ளை மற்ற நிறங்களை அடக்கி ஆளும். ஒரு பங்கு இருந்தாலே பெரும்பாலும் வெள்ளைதான். வேறு சில இனங்களின் வெள்ளையோ இரண்டு பங்கு சேர்ந்தால்தான் வெளியே தெரியும். வண்ணக் கோழிகள் இரண்டும் அதை ஒளித்து வைத்திருந்தால் திடீரென்று வெள்ளைக் குஞ்சு பொரிக்கும். நம் கிளந்தான் செராமாவில் ஒரே அடையில் பல நிறம் வருவது சாதாரணம். இறகைப் பார்த்து அதன் வம்சத்தைச் சொல்ல முடியாது.

நிறக் கணக்கு அழகுக்கு மட்டும் உதவுவதல்ல. தாமான் வீட்டில் பெட்டை வளர்க்கலாமென்று பத்துக் குஞ்சு வாங்கி, ஆறு சேவலாக வளர்ந்து, விடியுமுன் கூவிப் பக்கத்து வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க முடியாமல் தவிப்பவர்களுக்கு இது தெரியும். சேவலையும் பெட்டையையும் பொரித்த அன்றே பிரிக்க நிறமே வழி காட்டும். முதல் உலகப் போர்க் காலத்தில் தீவனத்தை மிச்சப்படுத்த இங்கிலாந்தின் மரபியல் அறிஞர் பன்னெட் சொன்ன யோசனை இது.

கோழியில் ஆணா பெண்ணா என்பதைத் தாய்தான் தீர்மானிக்கிறது. வரி போடும் மரபணு பாலினத்தோடு ஒட்டிப் போவதால், வரிப் பெட்டை அதைத் தன் ஆண் குஞ்சுகளுக்கு மட்டுமே கொடுக்கும். எனவே வரி போட்ட பிளைமவுத் ராக் பெட்டையோடு ரோட் ஐலண்ட் ரெட் சேவலைச் சேர்த்தால், கறுப்பாகப் பொரிக்கும் குஞ்சுகளில் தலையில் வெள்ளைப் பொட்டு உள்ளது சேவல், பொட்டில்லாதது பெட்டை.

மாற்றிச் சேர்த்தால் பலிக்காது. சேவல் வரியாகவும் பெட்டை செவலையாகவும் இருந்தால் ஆண், பெண் இரண்டுமே வரியோடு வரும். முதலில் சொன்ன வரிப் பெட்டை, செவலைச் சேவல் சோடியின் குஞ்சுகளை வளர்த்து அவற்றுக்குள்ளேயே சோடி சேர்த்தாலும் பொட்டு கைகொடுக்காது; ஆணிலும் பாதி வரி, பெண்ணிலும் பாதி வரி. ஒவ்வொரு முறையும் பெற்றோரிலிருந்தே தொடங்க வேண்டும்.

குஞ்சு உலர்ந்ததும் முதல் நாளிலேயே பார்த்துக் காலில் நிற வளையம் மாட்டிவிடுங்கள். இறகு முளைக்கத் தொடங்கினால் பொட்டு மறைந்துவிடும். பிறகு வரி தெரியும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.