மரம் பேசிச்சு, பக்கை க்ளோஸ் பண்ணிட்டாங்க!

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலைவச்சே படுக்கலை. காரணம் வழக்கமானதுதான், ஆபீஸ்ல ஆணி அதிகம். அதுல ஒரு ஆணி என் காலிலேயே ஏறிடுச்சு. அந்தக் கதையைச் சொல்லப் போய் மரம், புழு, காத்துன்னு கொஞ்சம் சுத்தி வரப் போறேன். பொறுமையா கூட வாங்க மக்களே.

எங்க டீம்ல புதுசா சேர்ந்த பையன் ஒருத்தன் ஒரு பக் எழுதினான். எப்பவாவது ஒரு ஆர்டர் ரெண்டு தடவை பதிவாகுதாம். நான் மூணு தடவை ஓட்டிப் பார்த்தேன், ஒண்ணும் வரலை. 'ரீப்ரொட்யூஸ் ஆகல'ன்னு எழுதி மூடிட்டேன். "இல்லண்ணே, நான் ரெண்டு தடவை பார்த்தேன்"னு வந்து நின்னான். "ஆதாரம் பத்தாது தம்பி"ன்னு அனுப்பிட்டேன். மூணு வாரம் கழிச்சு அதே பக் கஸ்டமர்கிட்ட போய் வெடிச்சது. ரெண்டு ராத்திரி தூக்கம் போச்சு. அது கூட பரவாயில்லைங்க. அதுக்கப்புறம் அந்தப் பையன் என்கிட்ட எந்த பக்கையும் நேரா கொண்டு வர்றதில்லை. அதுதான் இன்னும் உறுத்துது.

அந்த வாரம்தான் டேவிட் ரோட்ஸ் பத்திப் படிச்சேன். நாம மூடுற பக்குக்கும் இந்த மனுஷனுக்கும் இவ்வளவு சம்பந்தம் இருக்கும்னு நினைக்கவே இல்லை.

ரோட்ஸ் அமெரிக்காவுல சியாட்டில்ல இருக்கற வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சியாளர். சிட்கா வில்லோங்கிற மரத்துல, கூடாரம் மாதிரி நூல் கட்டிக் கூட்டமா இலை தின்கிற புழுக்களை விட்டுப் பார்த்தார். கடிபட்ட மரத்தோட இலை, புழுவுக்கு ஒத்துக்காத இலையா மாறுச்சு. இது எதிர்பார்த்ததுதான். ஆச்சரியம் என்னன்னா, கொஞ்சம் தள்ளி நின்ன, புழுவே படாத மரத்தோட இலையும் அதே மாதிரி மாறியிருந்தது. வேர்கள் ஒண்ணோடொண்ணு தொடர்பில் இருக்கற மாதிரி தெரியலை. அப்போ சேதி காத்துல போயிருக்கணும்னு 1983ல் எழுதினார்.

அதே வருஷம் டார்ட்மத் கல்லூரியில இருந்து இயன் பால்ட்வின், ஜாக் ஷுல்ட்ஸ்னு ரெண்டு பேர் 'சயன்ஸ்' இதழ்ல ஒரு கட்டுரை போட்டாங்க. தொட்டியில வளர்ந்த பாப்லர் கன்றுகளோட இலைப்பரப்புல வெறும் 7 சதவீதத்தைக் கிழிச்சாங்க. 52 மணி நேரத்துக்குள்ள அந்தக் கன்றுகள்ல ஃபீனாலிக் பொருட்கள் கூடிடுச்சு. அதே அறையில, அதே காத்தைப் பகிர்ந்துகிட்டு இருந்த, கிழிக்காத கன்றுகள்லயும் கூடிடுச்சு. பால்ட்வின் அப்போ என்னை விடச் சின்னப் பையன். (சரி, வயித்தெரிச்சல்தான் :-))

பத்திரிகைகள் சும்மா விடுமா? 'பேசும் மரங்கள்'னு தலைப்பு போட்டுட்டாங்க. ஊரே கொண்டாடிச்சு. சக விஞ்ஞானிகள் முகம் சுளிச்சாங்க.

1985ல் சைமன் ஃபௌலர், ஜான் லாட்டன்னு ரெண்டு பேர் இந்த ஆய்வுகளைப் பிரிச்சு மேய்ஞ்சுட்டாங்க. அவங்க சொன்னதை நம்ம பாஷையில சொல்றேன். ஒரே சர்வர்ல 15 த்ரெட் ஓட்டிட்டு, 15 சர்வர்ல சோதிச்சேன்னு சொன்னா ஒத்துப்பீங்களா? ஒரே அறைக்குள்ள இருந்த கன்றுகளைத் தனித்தனி சோதனையா எண்ணினதும் அந்த மாதிரிதான். அந்த அறையில வேற ஏதாவது வித்தியாசம் இருந்திருந்தா? ரோட்ஸோட புழுக்களுக்கு ஏதாவது தொத்து நோய் வந்து, அதனால வளராம போயிருந்தா? எல்லாமே நியாயமான கேள்விகள். கோட் ரிவ்யூன்னா இப்படித்தான் இருக்கணும்.

ரோட்ஸ் மறுபடி செஞ்சு பார்த்தப்போ அதே முடிவு தெளிவா வரலை. ஆராய்ச்சிக்குப் பணம் கிடைக்கலை. கடைசியில ஆராய்ச்சியையே விட்டு விலகிட்டார். அந்தத் துறை பக்கம் பல வருஷம் யாரும் தைரியமா போகலை.

என் கருத்து இதுதான். விமர்சனம் பண்ணினவங்க மேல தப்பே இல்லை. 'ஆதாரம் பத்தாது'ன்னு அவங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. ஆனா கேட்டவங்க அதை 'பொய்'னு எடுத்துக்கிட்டாங்க. இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு கடலே இருக்கு. நானும் அந்தப் பையன் விஷயத்துல இதைத்தான் பண்ணினேன். மூணு தடவை ஓட்டி வரலைன்னா, மூணு தடவை வரலைன்னுதான் அர்த்தம். இல்லவே இல்லைன்னு அர்த்தம் இல்லை.

அப்புறம் என்ன ஆச்சு? 1990ல் எட்வர்ட் ஃபார்மர், கிளாரன்ஸ் ரயான் ரெண்டு பேரும் சேஜ்பிரஷ் புதரோட கிளையைத் தக்காளிச் செடியோட ஒரே அறையில வெச்சாங்க. புதர்ல இருந்து வர்ற மெத்தில் ஜாஸ்மோனேட்ங்கிற ஆவி பட்டதும், பூச்சியோட செரிமானத்தைக் கெடுக்கற புரதத்தைத் தக்காளி தயாரிக்க ஆரம்பிச்சது. 2000ல் கலிஃபோர்னியாவுல ரிச்சர்ட் கார்பனோட குழு இதைத் திறந்த வெளிக்குக் கொண்டு போச்சு. சேஜ்பிரஷை வெட்டினா, பக்கத்துல இருக்கற காட்டுப் புகையிலையை வெட்டுக்கிளி குறைவா தின்னுது. மண்ணுக்குள்ள தொடர்பைத் தடுத்தாலும் அந்த விளைவு இருந்தது. காத்தைத் தடுத்தா காணாம போச்சு. எவ்வளவு எளிமையான சோதனை பாருங்க! அதே வருஷம் ஜெர்மனியில ஆல்டர் மரங்கள்ல ஒண்ணோட இலையில 20 சதவீதத்தைக் கையால பறிச்சுப் பார்த்தாங்க. அதுக்குக் கிட்ட இருந்த ஆல்டர்கள்ல வண்டுக்கடி கம்மி, தள்ளிப் போகப் போக ஜாஸ்தி.

2023ல் ஜப்பானோட சைதாமா பல்கலைக்கழகத்துக்காரங்க இதைப் படமாவே எடுத்துட்டாங்க. புழு கடிச்ச இலையில இருந்து வர்ற காத்தைப் பக்கத்துச் செடி மேல ஊத, அதோட இலைக்குள்ள கால்சியம் அலை பரவுறது வெளிச்சமா தெரியுது. அது மரம் இல்லை, அராபிடாப்சிஸ்ங்கிற சின்னச் செடிதான். ஆனா சேதி உள்ளே போறது கண்ணுக்குத் தெரிஞ்சது அங்கதான்.

இந்தச் சேதியில ஒரு பகுதி உங்களுக்கும் தெரியும். புல் வெட்டினதும் பச்சை வாசனை வருமே, அதே ரகம்தான். இலை கிழிஞ்சதும் செல் சவ்வுல இருக்கற கொழுப்பு உடைஞ்சு, ஆறு கார்பன் கொண்ட சின்ன மூலக்கூறுகளா காத்துல கிளம்புது.

சரி, அப்போ மரம் நண்பனைக் கூப்பிட்டு எச்சரிக்குதா? ஃபார்வர்டுகள்ல அப்படித்தான் உருகுறாங்க. இங்கேயும் அவசரப்பட வேண்டாம். சேஜ்பிரஷ்ல இந்த விளைவு தெரிஞ்சதே சுமார் 60 செ.மீ. தூரம் வரைக்கும்தான். 2007ல் பாப்லர்ல செஞ்ச ஒரு ஆய்வு இன்னொரு காரணத்தைக் காட்டுது. ஒரே கிளையில அடுத்தடுத்து இருக்கற இலைகளுக்கு நடுவுல நேரடிக் குழாய்த் தொடர்பு பெரும்பாலும் கிடையாது. உள்வழியா சேதி அனுப்ப முடியாத இடத்துக்குக் காத்து வழியா அனுப்புது. அதாவது மரம் தன் இலைக்கே தந்தி அடிக்குது, பக்கத்து மரம் ஒட்டுக்கேட்குதுன்னு வெச்சுக்கலாம். அந்த 2007 கட்டுரையை எழுதினவங்கள்ல ஒருத்தர் யார் தெரியுமா? 1983ல் திட்டு வாங்கின அதே ஜாக் ஷுல்ட்ஸ்! பால்ட்வினும் விட்டுடலை. பின்னாடி ஜெர்மனியில யேனா நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்துக்குப் போய், காட்டுப் புகையிலையை வெச்சே இந்தத் துறையை வளர்த்தார்.

ரோட்ஸுக்கு மட்டும் அந்த வாய்ப்பு அமையலை. அவர் எல்லா விவரத்துலயும் சரின்னு நான் சொல்ல வரலை. ஆனா அவர் காட்டின திசை சரி. 'தப்பு'ன்னு மூடாம, 'இன்னும் நல்ல சோதனை வேணும்'னு திறந்தே வெச்சிருந்தா அவரே அந்தச் சோதனையைச் செஞ்சிருக்கலாம்.

போன வாரம் அந்தப் பையனை டீ குடிக்கக் கூட்டிட்டுப் போய் மன்னிப்பு கேட்டேன். "விடுங்கண்ணே"ன்னான். முழுசா விட்டானான்னு தெரியாது. இப்போ எங்க டீம்ல 'ரீப்ரொட்யூஸ் ஆகல'ன்னு யாரும் பக்கை மூடக்கூடாது. 'தகவல் தேவை'ன்னு போட்டு, என்ன தகவல்னும் எழுதணும். லிஸ்ட் நீளமாயிட்டே போகுதுன்னு மேனேஜர் முறைக்கிறார். முறைக்கட்டும்.

நீங்க அவசரமா மூடின பக், மூட வெச்ச வாய் ஏதாவது இருந்தா சொல்லுங்க. நான் மட்டும்தான் இப்படியான்னு தெரிஞ்சுக்கணும் :-)