செலவை மட்டும் எழுதும் கணக்குப்பிள்ளைகள்



வந்தேறிகள் நம் வரிப்பணத்தைத் தின்கிறார்கள், நம் பிள்ளைகள் உட்கார வேண்டிய பள்ளிக்கூடத்தில் உட்காருகிறார்கள், நம் நோயாளிக்குக் கிடைக்க வேண்டிய கட்டிலில் படுத்துக்கொள்கிறார்கள்! இந்தக் கூப்பாடு எந்த நாட்டில் எழுந்தாலும் ராகம் ஒன்றுதான். இதற்குப் பதில் சொல்ல எழும் நம்மவர்கள் மனிதாபிமானத்தைப் பேசிவிட்டு உட்கார்ந்து விடுகிறார்கள். மனிதாபிமானம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் எதிரில் நிற்பவர் பேரேட்டோடு வருகிறார். அவரிடம் பேரேட்டைப் பிரித்து வைத்துத்தான் பேச வேண்டும்.

எனவே இம்முறை கணக்குப் பார்ப்போம். அதற்குத் தோதான இடம் அமெரிக்கா. அங்கே இந்தச் சண்டை மாநில பட்ஜெட்டை வைத்தே ஐம்பது ஆண்டுகளாக நடந்து வருகிறது.

1975-ல் டெக்சாஸ் மாநிலம் ஒரு சட்டம் போட்டது. முறையான அனுமதி இல்லாமல் நாட்டுக்குள் வந்தவர்களின் குழந்தைகளுக்காகப் பள்ளிகளுக்கு மாநில நிதி தரப்படாது என்பதே அது. டைலர் என்ற ஊரின் பள்ளி நிர்வாகம், அத்தகைய பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் கேட்டது. கூலி வேலை செய்யும் மெக்சிகோ தகப்பன் எங்கே போவான்? வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1982-ல், ஐந்துக்கு நான்கு என்ற ஒரே ஒரு நீதிபதியின் வித்தியாசத்தில், அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு திறந்தது.

அத்தோடு முடிந்ததா? 1990-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் பொருளாதாரம் சரிந்தது. பனிப்போர் முடிந்ததால் ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பின. மாநில கஜானா காலியானது. இதற்கும் தோட்டத்தில் பழம் பறிப்பவனுக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் பழி அவன் தலையில் விழுந்தது. 1994 நவம்பரில் 187-ஆம் எண் தீர்மானம் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆவணமில்லாதவர்களுக்குப் பள்ளி கிடையாது, அவசர சிகிச்சை தவிர வேறு மருத்துவம் கிடையாது என்றது அது. சுமார் 59 சதவீதம் பேர் ஆதரித்து வாக்களித்தார்கள். நீதிமன்றம் குறுக்கே நின்று தடுத்தது. 1999-ல் மாநில அரசே வழக்கைக் கைவிட்டது.

இனி பேரேட்டுக்கு வருவோம். 2006-ல் அதே டெக்சாஸ் மாநிலத்தின் கணக்குத்துறைத் தலைவர் ஓர் அறிக்கை வெளியிட்டார். மாநிலத்தில் ஆவணமில்லாமல் வாழ்ந்தவர்கள் அப்போது சுமார் 14 லட்சம் பேர். அவர்களுக்காக மாநில அரசு செலவிட்டது 116 கோடி டாலர். அவர்களிடமிருந்து மாநில அரசுக்கு வந்தது 158 கோடி டாலர். ஓர் ஆண்டில் 42 கோடி டாலர் லாபம்! 'ஆவணமில்லாதவன் வரி கட்டுவதில்லையே' என்று கேட்கலாம். டெக்சாஸில் மாநில வருமான வரியே கிடையாது. கடையில் சோப்பு வாங்கினால் விற்பனை வரி. வாடகை கொடுத்தால் அதற்குள் வீட்டுக்காரரின் சொத்து வரி. கடைக்காரர் குடியுரிமைச் சான்றிதழ் பார்த்துவிட்டா வரி வாங்குகிறார்?

அதே அறிக்கையின் அடுத்த வரியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மாநில அரசு ஈடுகட்டாத மருத்துவச் செலவு, காவல் செலவு என்று உள்ளாட்சிகளின் தலையில் விழுந்தது 144 கோடி டாலர். கஷ்டம் இருக்கிறது, பொய்யில்லை. வரவு மேலே போகிறது, செலவு கீழே தங்குகிறது. நம் நாட்டில் மாநிலங்களில் வசூலாகும் வரியில் ஒரு பங்கை மத்திய அரசு வைத்துக்கொண்டு, ரோடு போட பஞ்சாயத்தை நிதி தேடச் சொல்வதை நாம் பார்க்கவில்லையா? அதே கதைதான். 2022-ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவில் ஆவணமில்லாதவர்கள் கட்டிய வரிகள் சுமார் 9,670 கோடி டாலர் என ஒரு வரி ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. அதில் மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் வந்தது 3,730 கோடி மட்டும். மீதி வாஷிங்டனுக்குப் போனது. முதியோர் ஓய்வூதியத்துக்காக அவர்களிடம் பிடித்த பல நூறு கோடி டாலரும் அதில் அடக்கம். அந்த ஓய்வூதியத்தை அவர்கள் ஒருநாளும் வாங்க முடியாது!

இன்னொன்று. குடியேறியவரின் முதல் தலைமுறை மாநிலங்களுக்குச் செலவு வைக்கிறது என்று அந்நாட்டின் தேசிய அறிவியல் கழகம் 2016-ல் சொன்னது. காரணம், பிள்ளைகளின் படிப்பு. அப்படிப் படித்த பிள்ளைகள் வளர்ந்ததும் வரி கட்டுவதில் நாட்டிலேயே முன்வரிசையில் நிற்கிறார்கள் என்பதையும் அதே ஆய்வு சொன்னது. விதை நெல்லைச் செலவில் எழுதிவிட்டு அறுவடையை எழுதாமல் விடுபவனை எந்த விவசாயி கணக்குப்பிள்ளையாக வைத்துக்கொள்வான்?

வாங்கும்போது நிறைத்து வாங்கி, கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பவர்களுக்குக் கேடு என்று எச்சரித்தே திருக்குர்ஆனின் 83-ஆம் அத்தியாயம் தொடங்குகிறது. அதைத் தராசு பிடிக்கும் மளிகைக் கடைக்காரருக்கு மட்டும் சொன்னதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பட்ஜெட்டும் தராசுதான்.

நியூயார்க்கின் கதையைக் கேளுங்கள். 2022 முதல் இரண்டே ஆண்டுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அடைக்கலம் தேடி அந்நகருக்கு வந்தார்கள். பலரை டெக்சாஸ் ஆளுநரே பஸ் ஏற்றி அனுப்பினார். வீடில்லாதவருக்கு இடம் தர வேண்டும் என்ற 1981-ஆம் ஆண்டின் நீதிமன்ற உடன்பாட்டால் நகரம் கட்டுப்பட்டிருந்தது. ஓட்டல்களை வாடகைக்கு எடுத்தார்கள். 2024-க்குள் செலவு 500 கோடி டாலரைத் தாண்டியது. இந்தப் பிரச்சினை நகரத்தை அழித்துவிடும் என்று 2023 செப்டம்பரில் மேயரே பேசினார்.

ஆனால் வந்தவர்கள் சோம்பேறிகளா? வேலை கொடுங்கள் என்றுதான் கேட்டார்கள். அப்போதைய சட்டப்படி, அடைக்கலம் கேட்டு மனுப் போட்டு 150 நாட்கள் கழித்துத்தான் வேலை அனுமதிக்கே விண்ணப்பிக்க முடியும். கையில் கிடைக்க 180 நாட்களாவது ஆகும். மனு எழுதித்தர வக்கீல் கிடைக்கவே மாதங்கள் ஓடின. கையைக் கட்டிப் போட்டுவிட்டு, 'இவன் உட்கார்ந்து தின்கிறான்' என்று ஊருக்குச் சொல்வது என்ன நியாயம்?

மதீனாவை நினைத்துப் பாருங்கள். மக்காவிலிருந்து வெறுங்கையோடு வந்த முஹாஜிர்களை அன்சாரிகளோடு சகோதரர்களாக இணைத்தார்கள் நபி (ஸல்) அவர்கள். ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தருவதாகச் சொன்னார். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவருக்காக துஆச் செய்துவிட்டு, கடைத்தெரு எங்கே என்று மட்டும் கேட்டார். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்கத் தொடங்கி, பிற்காலத்தில் மதீனாவின் பெரும் செல்வந்தர்களில் ஒருவராகி வாரி வாரி வழங்கினார். இந்தச் சம்பவத்தில் நம் பயான்கள் ஸஅத் (ரலி) அவர்களின் தாராளத்தோடு நின்றுவிடுகின்றன. கடைத்தெருவுக்கு வழி காட்டியதும் மதீனாதான். 'ஆறு மாதம் பொறு, அனுமதிச் சீட்டு வரட்டும்' என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

இதை மேற்கு நாட்டின் குற்றமாக மட்டும் எழுதிவிட்டுப் போக நமக்கு உரிமையில்லை. எண்ணெய் விலை விழுந்து கஜானா இளைத்தபோது சவூதி அரசு என்ன செய்தது? 2017 ஜூலை முதல், வெளிநாட்டுத் தொழிலாளியின் குடும்பத்தில் தலைக்கு மாதம் 100 ரியால் கட்டணம் விதித்தது. ஆண்டுதோறும் 100 ஏற்றி, 2020-ல் 400 ரியால் ஆக்கியது. மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தால் மாதம் 1,600 ரியால்! படிப்பின் நடுவில் பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு ஊர் திரும்பிய குடும்பங்கள் நம் மஹல்லாக்களில் எத்தனை? அந்த ரோடுகளையும் கட்டடங்களையும் கட்டிய வியர்வையை எந்த ஏட்டில் வரவு வைத்தார்கள்?

நம் நாட்டிலும் இதே பேரேடு விரிக்கப்பட்டது. ஊடுருவியவர்களைக் கரையான்கள் என்று 2018-ல் ஆளும் கட்சியின் தேசியத் தலைவரே மேடையில் பேசினார். அஸ்ஸாமில் யார் இந்தியன் என்று கண்டுபிடிக்க தேசியக் குடிமக்கள் பதிவேடு தயாரித்தார்கள். தொடக்கத்தில் சுமார் 288 கோடி ரூபாய் என்று போட்ட மதிப்பீடு, 2022 மார்ச்சில் 1,600 கோடியைத் தாண்டியது என்று மத்தியத் தணிக்கை அறிக்கை சொன்னது. பதிவு வேலை செய்த கம்ப்யூட்டர் ஊழியர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிகூடப் போய்ச் சேரவில்லை என்றும் அது சொன்னது. நாட்டின் வளத்தைக் காப்பாற்றக் கிளம்பியவர்களின் செலவுக் கணக்கு இது! மூன்று கோடியே முப்பது லட்சம் பேர் ஆவணங்களைத் தூக்கிக்கொண்டு அலைந்து இழந்த கூலி இதில் சேரவில்லை.

2019 ஆகஸ்ட் 31-ல் வெளியான பட்டியலில் 19 லட்சத்து 6 ஆயிரத்து 657 பேருக்கு இடமில்லை. இந்துக்களும் முஸ்லிம்களும் அதில் உண்டு. மேல்முறையீடு செய்வதற்கு நிராகரிப்புச் சீட்டு கையில் இருக்க வேண்டும். ஐந்து ஆண்டுகள் கடந்த பிறகும் அந்தச் சீட்டு அவர்களுக்கு வழங்கப்படவில்லை.