பெடலும் ஆம்ப்ளிபையரும்

விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் வரும் மாணவருள் எலெக்ட்ரிக் கிதார் பயின்றோர் இப்போது பலர் உளர். ஞாயிறுதோறும் தத்தம் ஆலயங்களில் பாடகர் குழுவுடன் வாசிப்போரும் அவர்களே. அவருட் பலர்க்கு ஒரு மயக்கம் உண்டு. பேர்பெற்ற ஓவர்டிரைவ் பெடல் ஒன்றை வாங்கிவிட்டால் பேர்பெற்ற நாதமும் உடன் வந்துவிடும் என்பதே அது. இதனால் பெற்றோர் பணம் வீணாவதைக் கண்டே இதனை எழுதப் புகுந்தேன்.

ஓவர்டிரைவ் பெடல் என்பது காலால் மிதித்து இயக்கும் சிறு பெட்டி. கிதாரினின்று வரும் மின்னலையின் முகடுகளை மழுக்கி, அதனாற் பிறக்கும் கிளையொலிகளைக் கூட்டித் தருவது அதன் தொழில். ஆயின் அது தனித்து ஒலிப்பதன்று. ஆம்ப்ளிபையர் வழியாகவே நம் செவிக்கு எட்டும். பாடுவோர் ஒரு கட்டையா ஐந்து கட்டையா என்று கேளாமல் மிருதங்க வித்துவான் கச்சேரிக்கு மிருதங்கம் எடுத்துச் செல்வாரோ? நம் இளைஞர் பெடல் வாங்கும்போது செய்வது அதுவே.

ஜப்பானிய ஐபனேஸ் நிறுவனத்தார் 1979 அளவில் வெளியிட்ட டியூப் ஸ்க்ரீமர் என்னும் பச்சைப் பெட்டியைக் கொள்வோம். அது ஏறக்குறைய 720 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஒலிகளைக் குறைத்து, உச்ச ஒலிகளையும் சற்றே அடக்கி, நடுவோசையை மேடாக்கிக் காட்டும். அமெரிக்க நாட்டுப் பெண்டர் ட்வின் ரிவெர்ப் ஆம்ப்ளிபையரிலோ நடுவோசை பள்ளமாயிருக்கும். மேடு பள்ளத்தை நிரப்புதலால் இரண்டும் இசைகின்றன. லண்டனில் ஜிம் மார்ஷல் 1962இல் தொடங்கிய வரிசை ஆம்ப்ளிபையர்கள் இயல்பிலேயே நடுவோசை மிக்கவை. அவற்றோடு இப்பெடலின் டிரைவ் திருகை மிகத் திருப்பினால் மூக்காற் பாடுவது போலாகும். டிரைவைத் தாழ்த்தி லெவலை உயர்த்தினாலோ, முன்னமே கரகரக்கும் வால்வுகள் மேலும் முடுக்கப்பட்டு, கீழோசையின் தளர்ச்சி நீங்கி இறுக்கமாய் ஒலிக்கும். பெட்டி ஒன்றே, செய்யும் வேலை வேறு. 1994இல் வெளிவந்த க்ளான் சென்டார் இன்று பழம்பொருளாய்ச் சில இலட்ச ரூபாய்க்கு விலைபோகின்றது. விலையைக் கேட்டதும் அதன் ஒலி இனிமையாகிவிடுவாரும் உளர்!

நம் ஆலயங்களின் நிலையோ இன்னும் வேறு. அங்கே பெரும்பாலும் கிதார் ஆம்ப்ளிபையரே இராது. பெடலினின்று வரும் வயர் நேரே மிக்ஸரிற் செருகப்படும். கிதார் ஆம்ப்ளிபையரின் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் 5000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியைப் பெரும்பாலும் கைவிட்டுவிடும். அக்குறையே கரகரப்பின் கூர்மையை மறைக்கும் நற்குணமாகின்றது. ஆலயத்து ஸ்பீக்கரிலோ ட்வீட்டர் உண்டு. கலைத்த தேன்கூடுபோல் அஃது இரையும். ஓராலயத்தில், கீர்த்தனையின் இரண்டாம் சரணத்திலேயே மூதாட்டி ஒருவர் புத்தகத்தை மூடிவிட்டு அமர்ந்ததை யான் கண்டேன். வாசித்த இளைஞன் மேல் குற்றமில்லை; அவன் விரல்கள் பழுதின்றியே ஓடின.

கரகரப்பு ஆலயத்துக்கே ஆகாது என்னும் பெரியோருடன் யான் உடன்படேன். ஆனால் கிதார் ஸ்பீக்கரின் இயல்பை மின்வழியே போலச் செய்யும் கேபினெட் சிமுலேட்டர் என்னும் கருவியைப் பெடலுக்கும் மிக்ஸருக்கும் இடையே வைத்தல் வேண்டும். அன்றேல் பழைய சிறு கிதார் ஆம்ப்ளிபையர் ஒன்றை வாங்கி, அதன் முன் மைக் வைக்கலாம். முதற் செலவு இதுவாதல் தக்கது, பெடல் பின்னரே. ஓவர்டிரைவில் முழுக் கார்டு வாசித்தால் சுரங்கள் ஒன்றோடொன்று மோதிக் கலங்கும். அடிச்சுரமும் அதன் பஞ்சமமும் மட்டும் வாசித்தால் பாட்டின் சொற்கள் தெளிவாய்க் கேட்கும்.

பணம் கொடுக்குமுன், நண்பரிடம் பெடலை இரவல் பெற்றுச் சனிக்கிழமைப் பயிற்சிக்குக் கொண்டுசெல்லுங்கள். பெடல் இயங்கும்போதும் இயங்காதபோதும் ஓசையின் அளவு ஒன்றாயிருக்குமாறு லெவலைத் திருத்திக்கொள்ளுங்கள். உரத்தது எதுவும் நல்லதாய்த் தோன்றுவது செவியின் இயல்பு. வேறொருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் கடைசிப் பெஞ்சிற் போய் அமர்ந்து கேளுங்கள்.