இந்தப் பசு என்ன இனம்?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

‘மாடு’ என்ற சொல்லுக்குச் ‘செல்வம்’ என்பது நம் மொழியில் பழைய பொருள். வள்ளுவரும் அச்சொல்லை அப்பொருளில் ஆண்டிருக்கிறார். கல்வராயன் மலையில் பிறந்து நம் வயல்களுக்கு வரும் ஆற்றின் பெயரோ ‘கோமுகி’. அதாவது, பசுவின் முகம். மொழியிலும் ஆற்றிலும் பசுவை வைத்துப் போற்றும் நம்மால், கொட்டிலில் நிற்கும் பசுவின் முகத்தைப் பார்த்து, ‘இது என்ன இனம்?’ என்ற எளிய கேள்விக்கு விடை கூற முடிகிறதா?

வாரச் சந்தையில் மாட்டுத் தரகரைக் கேட்டால் தயங்காமல் விடை வரும். கறுப்பும் வெள்ளையுமாக இருந்தால் ‘எச்.எஃப்.’, செவலையாக இருந்தால் ‘ஜெர்சி’, நல்ல சிவப்பாக இருந்துவிட்டால் ‘சிந்து’. அந்த ஒரு சொல்லில் பசுவின் விலை ஏறுகிறது, இறங்குகிறது. வாங்குபவரோ பெரும்பாலும் குழுக் கடனோ நகைக் கடனோ பெற்று வந்தவர். அவர் கொடுக்கும் பணம் பசுவுக்கு மட்டுமன்று. அந்தச் சொல்லுக்கும் சேர்த்துத்தான்.

அந்தச் சொல் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது? நிறத்தைக் கொண்டு இனம் கூறுவது அறிவியலுக்குப் பொருந்தாது. உடல் உறுப்புகளைக் கொண்டு ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் ஓர் உழவர் வீட்டில் உறுதியாகச் சொல்ல வல்லது எழுதி வைத்த ஏடு ஒன்றுதான். அந்த ஏட்டை எழுத வேண்டியவர்கள் நம்மைப் போன்ற மாணவர்களே என்பது என் கருத்து.

கலப்பு வந்த வரலாறு

ஜெர்சி என்பது ஆங்கிலக் கால்வாயில் உள்ள ஒரு சிறு தீவின் பெயர். அத்தீவின் பசுவே ஜெர்சிப் பசு. எச்.எஃப். எனப்படும் ஹோல்ஸ்டீன் பிரீசியன், நெதர்லாந்தும் வட ஜெர்மனியும் சார்ந்த குளிர்ந்த புல்வெளிகளில் உருவானது. இவை நம் கொட்டிலுக்குக் கால்நடையாக வரவில்லை. குச்சியில் அடைபட்டு வந்தன. இந்தியாவில் செயற்கை முறைக் கருவூட்டல் முதன்முதலாக 1939ஆம் ஆண்டில் மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் நடைபெற்றது. 1963இல் கேரளத்து மாட்டுப்பட்டியில் இந்திய–சுவிஸ் கூட்டுத் திட்டம் தொடங்கியது. அங்கே நாட்டுப் பசுக்களோடு பிரவுன் சுவிஸ் இனத்தைக் கலந்ததில் ‘சுனந்தினி’ என்ற புதிய வகை தோன்றிற்று. 1970இல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கிய பின், பாலுக்குச் சந்தை விரிந்தது. கலப்பினப் பசுவும் ஊர் ஊராகப் பரவியது.

இன்று நிலைமை என்ன? 2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் உள்ள மாடுகள் சுமார் 95 இலட்சம். அவற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கலப்பினம். எனவே ‘இது என்ன கலப்பு?’ என்ற கேள்வி இரண்டொரு பண்ணைக்காரரின் கேள்வி அன்று, நாட்டின் கேள்வி.

கண் சொல்வது

பசுவைப் பார்த்து ஊகிக்கும் கலையை நான் இகழவில்லை. முறையாகப் பார்த்தால் கண் பல செய்திகளைச் சொல்லும்.

முதலில் முதுகைப் பார்க்க வேண்டும். நம் நாட்டு மாடுகளுக்குத் திமில் உண்டு; கழுத்தின் கீழ் அலைதாடி தொங்கும். மேலை நாட்டு இனங்களுக்குத் திமில் கிடையாது. கலப்பினத்தில் திமில் சிறுத்து, தடவிப் பார்த்தால் மட்டும் தெரியும் மேடாக நிற்கும். அலைதாடியும் சுருங்கிவிடும். உண்மையான சிந்து மாடு திமிலும் அலைதாடியும் உடைய நம் துணைக்கண்டத்து இனம். ஆதலால், திமிலற்ற சிவப்புப் பசுவைக் காட்டி ‘அசல் சிந்து’ என்று எவரேனும் கூறினால், அக்கூற்று பொய் என்பதற்கு அந்த முதுகே சான்று.

அடுத்து முகம். ஜெர்சிக் கலப்பில் நெற்றிக்கும் மூக்குக்கும் இடையே முகம் சற்றே குழிந்திருக்கும். கண்கள் பெரியனவாகப் பிதுங்கி நிற்கும். கறுத்த மூக்கு நுனியைச் சுற்றி வெளிறிய வளையம் ஒன்று காணப்படும். உடல் சிறியது. பிரீசியன் கலப்பில் முகம் நீண்டு நேராக இருக்கும், உடல் பெரியது, எலும்பும் பெரியது. பிரவுன் சுவிஸ் கலப்போ கனத்த உடலும் சாம்பல் கலந்த பழுப்பு நிறமும் கொண்டது. ஆனால் அதற்கும் மூக்கைச் சுற்றி வெளிறிய வளையம் உண்டு. ஆக, வளையத்தை மட்டும் பார்த்து ஜெர்சி என்று முடிவு கட்டினாலும் தவறக் கூடும். ஓர் அடையாளத்தை நம்பாமல், நான்கைந்து அடையாளங்களைச் சேர்த்துப் பார்ப்பதே முறை.

பாலும் ஒரு சான்று. பொதுவாக ஜெர்சிப் பாலில் கொழுப்பு மிகுதி. பிரீசியன் பாலில் அளவு மிகுதி, கொழுப்புக் குறைவு. ஆனால் தீவனமும், கன்று ஈன்று கழிந்த நாட்களும் இக்கணக்கை மாற்றிவிடும். ஆதலின் பாலைக் கொண்டு மட்டும் தீர்ப்புக் கூறலாகாது.

கண் ஏமாறுவது

நிறம் ஏன் ஏமாற்றுகிறது? இதற்கு விடை நம் பாடநூலிலேயே இருக்கிறது. 1866இல் மெண்டல் பட்டாணிச் செடியைக் கொண்டு வெளியிட்ட ஓங்கு தன்மை, ஒடுங்கு தன்மை என்ற பாகுபாட்டைத் தேர்வுக்காகப் படிக்கிறோம். அதைக் கொட்டிலில் வைத்துப் பார்ப்பதில்லை.

பிரீசியனின் கறுப்பு, ஓங்கு தன்மை உடையது. அதன் வெள்ளைத் திட்டு, ஒடுங்கு தன்மை உடையது. ஆகவே செவலை நாட்டுப் பசுவுக்குப் பிரீசியன் சினை ஊசி போட்டால், பிறக்கும் கிடாரி பெரும்பாலும் ஒரே கறுப்பாக, வயிற்றிலோ நெற்றியிலோ சிறிது வெள்ளையோடு இருக்கும். இக்கிடாரியில் பாதி பிரீசியன், பாதி நாடு. இது வளர்ந்த பின் இதற்கு ஜெர்சி ஊசி போடுகிறார்கள் என்று கொள்வோம். பிறக்கும் கன்றில் பாதி ஜெர்சி. சராசரியாகக் கால் பங்கு பிரீசியன். கால் பங்கு நாடு. இத்தகைய கன்றுகளில் ஏறக்குறைய பாதி கறுப்பாகவும், மீதி செவலையாகவும் பிறக்க இடமுண்டு. கறுப்புக் கன்றைச் சந்தையில் ‘எச்.எஃப்.’ என்பார்கள், செவலைக் கன்றை ‘ஜெர்சி’ என்பார்கள். இரண்டுக்கும் தாய் ஒன்று, தந்தை ஒன்று. இரண்டிலும் இருப்பது அதே பாதி ஜெர்சி! வேறுபட்டது தோலின் நிறம், மாறியது விலை.

நிறம் வயதாலும் மாறும். காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருந்து, சில மாதங்களில் சாம்பல் நிறமாவதை அறிந்தவர்கள் நம்மில் பலர்.

மேலும், ‘கால் பங்கு’ என்பதே ஒரு சராசரிதான். பசுவுக்கு 30 இணைக் குரோமோசோம்கள், 60 குரோமோசோம்கள். ஒவ்வொரு இணையிலிருந்தும் ஒன்றே கன்றுக்குப் போகிறது. எது போகும் என்பது குலுக்கல் போன்றது. எனவே கூடப் பிறந்த இரு கிடாரிகளில் ஒன்றுக்குப் பாட்டியின் பங்கு கூடுதலாகவும், மற்றொன்றுக்குக் குறைவாகவும் அமையலாம். கண்ணால் பார்த்து, ‘இது எழுபத்தைந்து சதவீதம்’ என்று கூறுபவர் சோதிடமே கூறுகிறார்.

‘அறிவியல் இதற்கு வழி காணவில்லையா?’ என்று கேட்கலாம். கண்டிருக்கிறது. பசுவின் முழு மரபணுத் தொகுதி 2009இல் வெளியிடப்பட்டது. நம் நாட்டு மாடுகளுக்கென உருவாக்கப்பட்ட ‘கௌ சிப்’ என்ற மரபணு ஆய்வுச் சில்லு 2024 அக்டோபரில் மகாராஷ்டிரத்தின் வாசிமில் அறிமுகம் செய்யப்பட்டது. பொலிகாளைத் தேர்வுக்கும் ஆராய்ச்சிக்கும் இது பெருந்துணை. ஆனால் இரண்டு பசு வைத்திருக்கும் உழவர், சந்தையில் பேரம் பேசும் வேளையில் இச்சோதனையை எதிர்பார்த்து நிற்க முடியாது.

பெயர் தெரிந்து ஆவதென்ன?

‘பால் கறந்தால் போதாதா, குலம் எதற்கு?’ என்று சிலர் கேட்பர். அடுத்த சினை ஊசிக்குத்தான் குலம் தேவை.

சமவெளிக்கு ஜெர்சி, நீலகிரி போன்ற குளிர்ந்த மலைகளுக்குப் பிரீசியன் என்பது தமிழகத்தில் நெடுநாளாகச் சொல்லப்பட்டு வரும் முறை. அயல் இரத்தம் 50 முதல் 62.5 சதவீதம் வரை இருப்பதே நம் தட்பவெப்பத்திற்கு ஏற்றது என்பது நம் நாட்டு வல்லுநர் பலரின் கருத்து. இனம் அறியாமல் தலைமுறைதோறும் பிரீசியன் ஊசியே போட்டுக்கொண்டு போனால், அயல் இரத்தம் 75, 87.5 என்று ஏறும். பெரிய உடலுக்குப் பெருந்தீனி வேண்டும். சித்திரை வெயிலில் அப்பசு மூச்சிரைத்து நிற்கும். உண்ணிகளால் பரவும் தைலேரியா போன்ற நோய்களுக்கு எளிதில் இரையாகும். கரும்புத் தோகையும் வைக்கோலும் மட்டுமே போட முடிந்த வீட்டில், அப்பசு செல்வம் ஆகாது, செலவே ஆகும்.

இதனினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. ஒரு பொலிகாளையிடமிருந்து ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான உறைவிந்துக் குச்சிகள் தயாரிக்கப்படுகின்றன. திரவ நைட்ரஜனில், −196 டிகிரி செல்சியசில், அவை ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். எண்ணைக் குறித்து வைக்காவிடில், தாய்க்குப் போட்ட அதே காளையின் ஊசி, மகளுக்கும் போடப்படலாம். அது தந்தையும் மகளும் சேர்ந்த சேர்க்கை. அவ்வாறு பிறக்கும் கன்றின் உட்கலப்பு அளவு 25 சதவீதம். கன்று நலிவதும், சினை பிடிக்காமல் போவதும் இதனால் பெருகும். ஆகவே ‘என்ன இனம்?’ என்பதைவிட, ‘எந்தக் காளை?’ என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

மலை மேலே

கச்சிராயபாளையத்தைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறினால் கேள்வியே மாறுகிறது. சாமையும் தினையும் மரவள்ளியும் விளையும் சரிவுகளில், மலையாளிப் பழங்குடி மக்களுக்கு மாடு முதலில் உழவுக்கும் எருவுக்கும். பால் அதன் பின்னரே. நுகத்தடி தங்கத் திமில் வேண்டும். கல்லில் ஏறக் குளம்பு வேண்டும். அங்குள்ள சிறிய நாட்டு மாடுகள் இவ்விரண்டையும் உடையவை. பர்கூர் மலைமாடு தன் பெயரோடு தேசிய இனப் பட்டியலில் இடம் பெற்றிருக்கிறது. கல்வராயன் மலை மாட்டுக்கோ அப்படி ஒரு பெயர் இல்லை. ‘நாட்டு மாடு’ என்ற பொதுச் சொல்லுக்குள் அது அடங்கிவிடுகிறது. பெயரில்லாத ஒன்று கலந்து மறைந்தாலும் எவருக்கும் தெரியாது. கீழே கலப்பின் கணக்கை எழுத வேண்டும். மேலே, கலக்கும் முன் இருப்பதன் கணக்கை எழுத வேண்டும்.

நாம் செய்யக் கூடியது

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று கூற மாட்டேன். பசுவின் காதில் 12 இலக்க எண் கொண்ட வில்லை பொருத்தப்படுகிறது. அந்த எண்ணின் கீழ் தடுப்பூசியும் சினை ஊசியும் கணினியில் பதிவாகின்றன. இது நல்ல ஏற்பாடு. ஆனால் வளர்ந்து நிற்கும் பசுவுக்கு வில்லை மாட்டும்போது, அதன் தாய் தந்தையரைச் சொல்ல வீட்டில் குறிப்பு இல்லையெனில், கண்ணால் பார்த்ததே இனம் என்று பதிவாகிவிடும். கணினியில் ஏறியதால் ஊகம் உண்மை ஆகிவிடாது.

உறைவிந்துக் குச்சி ஒவ்வொன்றின் மேலும் காளையின் எண்ணும் இனமும், உற்பத்தி செய்த நிலையமும் அச்சிடப்பட்டிருக்கின்றன. ஊசி போட்டு முடிந்ததும் அந்தக் குச்சி குப்பைக்குப் போகிறது. பசுவின் பிறப்புச் சான்றிதழே குப்பைக்குப் போகிறது என்றுதான் சொல்ல வேண்டும். அந்த எண்ணை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுத எவ்வளவு நேரம் ஆகும்? ஊசி போட்ட நாள், காளை எண், இனம், கன்று ஈன்ற நாள், கன்றின் பால்: ஐந்தே குறிப்புகள். சினைக்காலம் சுமார் 280 நாட்கள் என்பதால், ஊசி போட்ட நாளும் ஈன்ற நாளும் ஒன்றையொன்று சரிபார்க்கும்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் போன்றோர் இக்கல்லூரியில் ஏராளம். நம் பெற்றோர்க்குப் பசுவைப் பார்க்கத் தெரியும். நமக்குக் குச்சியில் உள்ள எழுத்தைப் படிக்கத் தெரியும். இரண்டும் சேர்ந்தால்தான் அறிவு முழுமை பெறும். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் நாம் தெருக் கூட்டுகிறோம், மரம் நடுகிறோம், மகிழ்ச்சி. அத்துடன் முகாம் ஊரில் வீட்டுக்கொரு மாட்டு ஏடு தொடங்கிக் கொடுப்போம். சின்னசேலத்தை அடுத்த தலைவாசலில் 2021இல் கால்நடை ஆராய்ச்சி நிலையமும் கல்லூரியும் திறக்கப்பட்டுள்ளன. அங்குள்ள ஆசிரியர் ஒருவரை அழைத்து, அடையாளம் காணும் முறையை நேரில் கற்றுக்கொள்ள நம் விலங்கியல் துறை ஏற்பாடு செய்தல் வேண்டும் என்று பேராசிரியர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நண்பர்களே! அடுத்த முறை ஒருவர், ‘தம்பி, இது என்ன இனம்?’ என்று கேட்டால், நிறத்தைப் பார்த்து உடனே விடை சொல்லிவிடாதீர்கள். ‘தாய் எது, ஊசி எண் என்ன?’ என்று திருப்பிக் கேளுங்கள். தெரியாது என்பாரானால், இந்தக் கன்று முதலாவது எழுதி வைக்கச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு மலரில், எந்த ஊரில் எத்தனை பசுக்களுக்கு ஏடு தொடங்கினோம் என்ற எண்ணிக்கையோடு, நம்மில் ஒருவர் கட்டுரை எழுதட்டும்.