பாட்டுக்காரர் ஆயிரம், பக்கவாத்தியம் எங்கே?

கடலூரை அடுத்த திருவந்திபுரத்தில் முகூர்த்த நாள் என்றால் ஊர் கொள்ளாத கூட்டம். தேவநாத சுவாமி சந்நிதியில் தாலி கட்டி முடிந்ததும் கல்யாண கோஷ்டிகள் மண்டபங்களுக்குத் திரும்புகின்றன. மாலையில் வரவேற்பு. மண்டப மேடையின் ஒரு பக்கத்தில் முன்பெல்லாம் பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட மெல்லிசைக் குழு அமர்ந்திருக்கும். கிடார், டிரம்ஸ், தபேலா, டோலக், கீபோர்டு என்று அமர்க்களப்படும். இன்று பல மண்டபங்களில் அந்த இடத்தில் இருப்பது ஒரு மடிக்கணினி, இரண்டு ஒலிபெருக்கி, ஒரு மைக். மாப்பிள்ளையின் சித்தப்பா பாடுகிறார். வாத்தியங்கள் முழங்குகின்றன. வாசிப்பவரைத்தான் காணோம்!

இந்த விந்தைக்குக் கரோக்கி என்று பெயர். ஜப்பானியச் சொல். 'கரா' என்றால் வெறுமை. 'ஓக்கே' என்பது ஆர்க்கெஸ்டிரா என்ற சொல்லின் குறுக்கம். ஆளில்லாத ஆர்க்கெஸ்டிரா என்று பொருள் கொள்ளலாம். பெயர் வைத்தவர்கள் உண்மையை மறைக்கவில்லை.

யந்திரம் செய்தவர் யார்?

1970-ல் ஜப்பானின் ஒசாகா நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் எம்.ஜி.ஆர். 'உலகம் சுற்றும் வாலிபன்' படப்பிடிப்பை நடத்தியது பழைய ரசிகர்களுக்கு நினைவிருக்கும். அதற்கு அடுத்த ஆண்டு, ஒசாகாவுக்குப் பக்கத்தில் உள்ள கோபே துறைமுக நகரில் பிறந்ததுதான் இந்தக் கரோக்கிப் பெட்டி. செய்தவர் டைசுகே இனோவே. அவர் விஞ்ஞானி அல்ல, பக்கவாத்தியக்காரர்! மதுக்கடைகளில் வாடிக்கையாளர் பாடும்போது கூட வாசித்துப் பிழைத்தவர்.

கம்பெனி முதலாளி ஒருவர் உல்லாசப் பயணத்துக்குத் தம்முடன் வந்து வாசிக்கும்படி அவரை அழைத்தார். இனோவேயால் போக முடியவில்லை. தம்முடைய வாசிப்பை மட்டும் நாடாவில் பதிவு செய்து கொடுத்தனுப்பினார். முதலாளி அதை வைத்துக்கொண்டே பாடி மகிழ்ந்தார். 'நான் இல்லாமலே காரியம் நடக்கிறதே!' என்ற எண்ணத்தில் முளைத்தது வியாபாரம். காரில் வைக்கும் டேப் கருவி, ஒலிபெருக்கி, காசு போடும் பெட்டி ஆகியவற்றை இணைத்து 11 யந்திரங்கள் செய்து, கடைகளுக்கு வாடகைக்கு விட்டார்.

இதே போன்ற கருவியை 1967-லேயே டோக்கியோவில் ஷிகேயிச்சி நெகிஷி என்பவர் செய்திருந்தார். அவர் 100 வயது வாழ்ந்து 2024-ல் காலமானார். இருவருமே காப்புரிமை பெறவில்லை. உலகமெல்லாம் கோடி கோடியாகப் புரளும் தொழிலில் இனோவேக்குக் கிடைத்தது பெயர் மட்டும்தான். பிற்காலத்தில் அவர் கரோக்கி யந்திரத்துக்குள் கரப்பான்பூச்சி புகாமல் தடுக்கும் மருந்து விற்றார்!

நாற்பதாண்டுப் பழம் பாட்டு

அந்த ஜப்பானியப் பாட்டுகளுக்கு இப்போது புது யோகம் அடித்திருக்கிறது. 1970-களின் பிற்பகுதியிலும் 1980-களிலும் அங்கே 'சிட்டி பாப்' என்றொரு நகர்ப்புற மெல்லிசை செழித்தது. மரியா டகேயுச்சி 1984-ல் பாடிய 'பிளாஸ்டிக் லவ்' என்ற பாட்டு, யூடியூப் வழியாக 2017-க்குப் பிறகு ஜப்பானிய மொழி தெரியாதவர்களையும் பிடித்து ஆட்டியது. மிக்கி மட்சுபரா 1979-ல் பாடிய முதல் பாட்டு 2020-ல் உலகெங்கும் பரவியது. பாடிய அம்மையார் 2004-லேயே மறைந்துவிட்டார்.

மொழி புரியாமல் எதற்கு மயங்குகிறார்கள்? குரல் இனிமை ஒரு பாதி. மறுபாதி பின்னணி. பேஸ் கிடாரும் பித்தளைக் குழல்களும் வயலின் கூட்டமும் ஒலிப்பதிவுக் கூடத்தில் தேர்ந்த கைகளால் வாசிக்கப்பட்டவை. கரோக்கியில் பாடுகிறவர் தமக்குப் பின்னால் அந்த ராஜபரிவாரம் நிற்பதாக எண்ணிக்கொள்ளலாம்.

கடலூர் மண்டபத்திலும் இதே கதைதான். 1976-ல் 'அன்னக்கிளி' மூலம் வந்த இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டுகளைத்தான் மைக் கிடைத்தவர்கள் தேடிப் பாடுகிறார்கள். சிட்டி பாப்புக்கு இவை சமவயது. வி.எஸ். நரசிம்மனின் வயலினும் அருண்மொழியின் புல்லாங்குழலும் ஒலித்த காலம் அது. ஆக, கரோக்கி விற்பது குரலை அல்ல. எப்போதோ யாரோ வாசித்த வாசிப்பை.

லாபமும் உண்டு

இந்தப் பெட்டியை ஒரேயடியாகத் தூற்றுவது நியாயமாகாது. 1929-ல் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி கண்ட ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார், 1941-ல் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாட்டைக் கூட்டினார். மேடையில் பாடுவது கேட்பவருக்குப் புரியவேண்டும், தமிழ்ப் பாட்டுக்கு முதலிடம் வேண்டும் என்பது அப்போது எழுந்த கோரிக்கை. அன்றைக்குப் பாட்டு புரிந்தால் போதும் என்றிருந்த ஜனங்கள் இன்று தாங்களே பாடுகிறார்கள். ஸ்மூல் போன்ற செயலிகளில், மேடை ஏறக் கூச்சப்படும் பெண்கள் அடுப்படியில் நின்றபடியே முன்பின் அறியாதவருடன் ஜோடிப் பாட்டுப் பாடுகிறார்கள். சுருதி கொஞ்சம் விலகட்டுமே! பாடுகிற வீடு நல்ல வீடு.

இடிந்த ஏணி

நஷ்டம் எங்கே என்றால், அந்த மேடை மூலையில். 1960-களின் இறுதியில் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் நடத்திய மெல்லிசைக் குழுவில் வாசித்தவர்கள் யார்? இளையராஜா, அவருடைய சகோதரர்கள் பாஸ்கர், கங்கை அமரன். ஊர் ஊராகப் போய், விடிய விடிய வாசித்த கைகள்தான் பிறகு திரைக்கு வந்தன. மெல்லிசைக் குழு என்பது கூலி கொடுக்கும் பள்ளிக்கூடம். கரோக்கி ஆயிரம் பாடகர்களை உண்டாக்கும்; ஒரு தபேலாக்காரரை உண்டாக்காது.

கல்யாண வீட்டாரைக் குறை கூறுவதற்கில்லை. பன்னிரண்டு பேருக்குக் கூலி, வேன் வாடகை, ராத்திரிச் சாப்பாடு என்று கணக்குப் போட்டால் எவருக்கும் மடிக்கணினிதான் கண்ணில் படும். பல குழுக்களே இன்று கீபோர்டுக்கு ஒருவர், தாளத்துக்கு ஒருவர் என்று சுருங்கி, மீதியை 'டிராக்' போட்டுச் சமாளிக்கின்றன. சிதம்பரத்தில் 1981 முதல் சிவராத்திரியை ஒட்டி நடக்கும் நாட்டியாஞ்சலிக்கு வரும் நடனக் குழுக்களிலும் பல, ஒலிப்பதிவை வைத்துத்தான் ஆடுகின்றன. ஆடலரசனுக்கே மத்தளம் கொட்ட நந்தி இருந்ததாகச் சொல்லும் ஊர் அது!

சட்டம் இதற்கு உதவுமா? ஜப்பானில், கடையில் வாடிக்கையாளர் கரோக்கி பாடினால் கடைக்காரரே பொறுப்பு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1988-ல் தீர்ப்பளித்தது. நமது நாட்டில் 2012-ல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, பாட்டாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமைப் பங்கு உறுதியானது. 2017-ல் இளையராஜா தம் பழைய தோழர் எஸ்.பி.பி.க்கே வக்கீல் நோட்டீஸ் அனுப்பியபோதுதான் இந்த விஷயம் டீக்கடை வரை வந்தது. ஆனால் கல்யாண வைபவங்களில் பாடுவதற்கு உரிமைத் தொகை கேட்கக் கூடாது என்பதை மத்திய சர்க்கார் 2023 ஜூலையில் மீண்டும் தெளிவுபடுத்தியது. கல்யாணச் செலவு அறிந்தவர்கள் இதை வரவேற்கவே செய்வார்கள். எப்படியானாலும், இசையமைப்பாளருக்கும் பாட்டாசிரியருக்கும் வழக்காட ஒரு பிரிவு இருக்கிறது. மஞ்சக்குப்பத்திலோ சிதம்பரத்திலோ மேடையை இழந்து நிற்கும் டோலக்காரருக்கு எந்தச் சட்டத்திலும் பங்கு இல்லை.

அவருக்குப் பங்கு கொடுக்கக்கூடியவர்கள் விழாக் குழுவினர்தான். ஆடி மாதம் அம்மன் கோயில்களிலும், மாசி மகத்தை ஒட்டித் தேவனாம்பட்டினத்திலும் ஊர்ப்பணத்தில் இன்னிசை நிகழ்ச்சி வைக்கிறவர்கள் ஒரு நிபந்தனை போடலாம்: முதல் இரண்டு மணி நேரம் டிராக் கூடாது, வாத்தியம் மட்டுமே. பிறகு வேண்டுமானால் கரோக்கி வைத்து ஊராரைப் பாட விடட்டும். நோட்டீஸில் பாடுகிறவர் பெயரோடு வாசிக்கிறவர்களின் பெயரையும் அச்சடிக்கட்டும். நாலு வரி கூடுவதால் அச்சகத்தில் கூலி ஏறிவிடாது.