கோப்பர்னிக்கஸ் பரிசும் மறந்து போன மூன்றாவது ஆளும்

இரண்டு நாடுகள் சேர்ந்து ஒரு அறிவியல் பரிசு கொடுக்கின்றன. பெயர் கோப்பர்னிக்கஸ் பரிசு. ஜெர்மனி பக்கம் டி.எஃப்.ஜி என்கிற ஜெர்மன் ஆராய்ச்சிக் கழகம். போலந்து பக்கம் எஃப்.என்.பி என்கிற போலந்து அறிவியல் அறக்கட்டளை. 2006ல் ஆரம்பித்து இரண்டு வருடத்துக்கு ஒரு முறை.

விதி ரொம்ப எளிமை. ஜெர்மனியில் வேலை செய்யும் ஆராய்ச்சியாளர் ஒருவர், போலந்தில் வேலை செய்யும் ஆராய்ச்சியாளர் ஒருவர். இருவரும் சேர்ந்து சிறப்பாக ஆராய்ச்சி செய்திருக்க வேண்டும். முக்கியமாக, அந்தக் கூட்டு வேலையில் இளம் ஆராய்ச்சியாளர்களை வளர்த்திருக்க வேண்டும். பணம் இரண்டு அமைப்பும் பாதிப் பாதி.

படித்தவுடன் எனக்கும் நல்ல விதியாகத்தான் தெரிந்தது. இரண்டாவது தடவை படித்தபோதுதான் உறுத்தியது. இளைஞர்களை வளர்த்ததற்காகப் பரிசு, சரி. அந்த இளைஞர்கள் எங்கே? விதியில் அவர்கள் பரிசுக்கான காரணமாக வருகிறார்கள். பரிசு வாங்கும் ஆளாக வரவில்லை. மேடையில் இரண்டு நாற்காலி. வளர்த்த இரண்டு பேருக்கு மட்டும்.

இந்தக் கணக்கு தப்பு என்கிறேன். அதிலும் கோப்பர்னிக்கஸ் பெயரில் கொடுக்கும் பரிசில் இப்படிச் செய்வது ரொம்பவே தப்பு. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், பாராட்ட வேண்டியதைப் பாராட்டி விடுகிறேன். கோப்பர்னிக்கஸ் யார் ஆள் என்று இந்த இரண்டு நாடுகளும் போட்ட சண்டை கொஞ்ச நஞ்சம் இல்லை. மனிதர் 1473ல் டோரூன் நகரத்தில் பிறந்தார். 1466 ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்த ஊர் போலந்து மன்னரின் கீழ் இருந்தது. ஆனால் ஊர்ப் பெரிய மனிதர்கள் வீட்டில் பேசியது ஜெர்மன். அவர் படித்தது போலந்தின் கிராக்கோவிலும் பிறகு இத்தாலியிலும். எழுதியது பெரும்பாலும் லத்தீன், சில கடிதங்கள் ஜெர்மன். ஆக, இரண்டு பேரும் "எங்கள் ஆள்" என்று சொல்ல வசதியான மனிதர் :-)

சொன்னார்கள். 1830ல் வார்சாவில் அவருக்குச் சிலை வைத்தார்கள். 1842ல் ஜெர்மனியில் திறந்த வால்ஹல்லா மண்டபத்தில், ஜெர்மன் பெருமக்கள் வரிசையில் அவருடைய மார்பளவுச் சிலையும் உட்கார்ந்திருந்தது. இரண்டாம் உலகப் போரில் வார்சாவைப் பிடித்த நாஜிகள், அந்தச் சிலையில் ஜெர்மன் மொழியில் ஒரு பலகை மாட்டினார்கள். 1942 பிப்ரவரியில் அலெக்ஸி தவிதோவ்ஸ்கி என்கிற போலந்து இளைஞர் அதைக் கழற்றிக் கொண்டு போய்விட்டார். ஒரு வானியல் அறிஞரின் சிலையில் இருந்த பலகைக்காக உயிரைப் பணயம் வைக்கும் நிலைமை!

அதற்கு முன்பே, 1939 நவம்பர் 6ம் தேதி, கிராக்கோ பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியர்களைக் கூட்டம் என்று வரவழைத்து 183 பேரைக் கைது செய்தார்கள். பெரும்பாலானவர்களை சாக்சன்ஹவுசன் வதை முகாமுக்கு அனுப்பினார்கள். பலர் உயிரோடு திரும்பவில்லை. கோப்பர்னிக்கஸ் படித்த அதே பல்கலைக்கழகம் அது.

இவ்வளவுக்கும் பிறகு இந்த இரண்டு நாடுகள் உட்கார்ந்து, அதே பெயரில், "உங்களில் ஒருவர், எங்களில் ஒருவர், செலவு சரிபாதி" என்று விதி எழுதியது சாதாரண விஷயம் இல்லை. அதிலும் "எங்கே வேலை செய்கிறாய்" என்று பார்க்கிறார்களே தவிர "நீ என்ன இனம்" என்று பார்ப்பதில்லை. ஜெர்மனி தன் மொத்த உற்பத்தியில் 3 சதவிகிதத்துக்கு மேல் ஆராய்ச்சிக்குச் செலவு செய்கிற நாடு. போலந்து சுமார் ஒன்றரை சதவிகிதம். பொருளாதாரமும் அளவில் பல மடங்கு சின்னது. அப்படியும் பெரியண்ணன் வேலை இல்லாமல் சரிசமமாக நிற்கிறார்கள். இதற்கு என் சல்யூட்.

ஆனால் நாடுகளுக்கு நடுவே சமம் பார்த்தவர்கள், ஆராய்ச்சிக் கூடத்துக்கு உள்ளே சமம் பார்க்க மறந்து விட்டார்கள்.

இப்போது கோப்பர்னிக்கஸ் கதைக்கே வருகிறேன். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்கிற புத்தகத்தை அவர் பல வருடங்களாக எழுதிக் கையில் வைத்திருந்தார். அச்சுக்குக் கொடுக்கவில்லை. ஃப்ரோம்போர்க் என்கிற கடலோரச் சின்ன ஊரில், தேவாலய வேலையைப் பார்த்துக் கொண்டிருந்தார். வயது 66.

1539ல் அங்கே ஒரு பையன் வந்து இறங்கினான். பெயர் ரேட்டிகஸ். வயது 25. விட்டன்பெர்க்கில் கணித ஆசிரியர். விட்டன்பெர்க் என்றால் லூத்தரின் ஊர். இவன் போய் இறங்கிய வார்மியாவோ கத்தோலிக்க ஆயரின் ஆட்சியில் இருந்த பகுதி. அப்போதுதான் அந்த ஆயர் லூத்தரின் ஆட்களுக்கு எதிராக ஆணை போட்டிருந்தார். அது தெரிந்தும் தெரியாமலோ, கையில் பரிசாகக் கொஞ்சம் புத்தகங்களோடு போய்க் கதவைத் தட்டினான் பையன்.

கொஞ்ச நாள் தங்கப் போனவன் ஏறக்குறைய இரண்டு வருடம் பெரியவரோடு இருந்தான். அவருடைய கணக்குகளைப் படித்தான். 1540ல் டான்சிக் நகரத்தில், அந்தக் கொள்கையை உலகத்துக்குச் சொல்லும் முதல் அச்சுப் புத்தகத்தை இவன்தான் வெளியிட்டான். அதற்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்த பிறகு பெரியவரும் சம்மதித்தார். கையெழுத்துப் பிரதியை நியூரம்பெர்க் அச்சகத்துக்குக் கொண்டு போனதும் இவன்தான். 1543ல் புத்தகம் வந்தது. அதே வருடம் மே 24ம் தேதி கோப்பர்னிக்கஸ் இறந்து போனார்.

இப்போது அந்தப் புத்தகத்தின் முன்னுரையைப் பாருங்கள். போப்பாண்டவருக்குச் சமர்ப்பணம். புத்தகத்தை வெளியிடச் சொல்லித் தூண்டியவர்கள் என்று கார்டினல் ஷோன்பெர்க் பெயர் இருக்கிறது. நண்பர் ஆயர் கீசே பெயர் இருக்கிறது. ரேட்டிகஸ்? இல்லை. ஒரு வரி கூட இல்லை!

போப்புக்கு எழுதும் கடிதத்தில் லூத்தர் ஊர்ப் பையனின் பெயரை எப்படிப் போடுவது என்று தயங்கியிருக்கலாம் என்கிறார்கள். உடம்பு சரியில்லாமல் விட்டிருக்கலாம் என்றும் சொல்கிறார்கள். காரணம் எதுவோ, கீசேவுக்கே அது சங்கடமாகப் போய், பெரியவர் இறந்த பிறகு ரேட்டிகஸுக்குக் கடிதம் எழுதி, வேண்டுமென்று செய்ததில்லை என்று சமாதானம் சொல்ல வேண்டி வந்தது.

ஆக, போலந்து மண்ணுக்கும் ஜெர்மன் மண்ணுக்கும் நடுவே நடந்த மிகப் பெரிய அறிவியல் கூட்டுறவில், எல்லை தாண்டி நடந்தவன் ஒரு 25 வயதுப் பையன். அவன் பெயர்தான் விட்டுப் போனது. அந்தப் பெரியவர் பெயரில் இன்றைக்குக் கொடுக்கும் பரிசின் விதியிலும் அதே ஆள்தான் விட்டுப் போயிருக்கிறான்.

நான் பரிசு வாங்கியவர்களைக் குறை சொல்லவில்லை. 2014ல் வாங்கிய ஹரால்ட் வைன்ஃபுர்ட்டரும் மாரெக் ஷுகோவ்ஸ்கியும் குவாண்டம் இயற்பியலில் பெரிய ஆட்கள். முன்னவர் சோதனை, பின்னவர் கோட்பாடு. 2020ல் வாங்கிய செபாஸ்டியன் ஃபவுஸ்ட், ஸ்டெஃபான் ஜெம்போவ்ஸ்கி இருவரும் மறையாக்கத் துறையில் பெயர் பெற்றவர்கள். தகுதியில் எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் இப்படிப்பட்ட கூட்டு வேலை நடைமுறையில் எப்படி நடக்கும்? இரண்டு பேராசிரியர்கள் ஒரு மாநாட்டில் பேசி முடிவு செய்வார்கள். அதற்குப் பிறகு ரயில் ஏறுவது யார்? தெரியாத ஊரில் அறை தேடுவது, புது ஆய்வகத்தில் கருவியைப் பழகுவது, ராத்திரி உட்கார்ந்து அளவு எடுப்பது, இந்தப் பக்கம் கணக்கு அந்தப் பக்கம் சோதனையோடு ஏன் ஒத்து வரவில்லை என்று மண்டையை உடைத்துக் கொள்வது? பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவர்கள்தான்.

"ஆய்வுக் கட்டுரையில்தான் மாணவர் பெயர் இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது. ஆனால் பல்கலைக்கழகத்தில் வேலை கொடுக்கிறவர் பார்ப்பது பரிசுப் பட்டியலையும்தான். பெரியவர்களுக்கு இது பத்தாவது பரிசாக இருக்கலாம். அந்த மாணவருக்கு இது முதல் பரிசாக இருந்திருக்கும். ஒப்பந்த வேலையில் அடுத்த வருடம் எங்கே இருப்போம் என்று தெரியாதவருக்கு அந்த ஒரு வரி என்ன மதிப்பு என்று யோசியுங்கள்.

"பரிசுப் பணமே கூட்டு ஆராய்ச்சிக்கும் இளைஞர்களுக்கும்தானே போகிறது" என்பது அடுத்த பதில். 2020ல் மொத்தம் 2 லட்சம் யூரோ. நல்லது. ஆனால் அது யார் கையால் போகிறது? பேராசிரியர் கையால். பெரும்பாலும் அடுத்து வரும் மாணவருக்கு. ஏற்கெனவே உழைத்தவருக்கு நன்றி, புதிதாக வருபவருக்குச் சம்பளம். சம்பளம் வேறு, மரியாதை வேறு.

"ஒரு குழுவில் இருபது பேர் இருப்பார்கள், யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது" என்பது மூன்றாவது. ஏன் முடியாது? இரண்டு நாடுகளிலும் உள்ள அத்தனை பேராசிரியர்களில் இரண்டே பேரைப் பொறுக்க முடிந்த நடுவர் குழுவுக்கு, ஒரு குழுவுக்குள் இரண்டு இளைஞர்களை அடையாளம் காட்டச் சொல்லிக் கேட்க முடியாதா? யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது.

விதி எப்படி இருக்கிறதோ அப்படித்தான் பெயரும் நிற்கும். 1967ல் பல்சார் என்னும் துடிக்கும் விண்மீனின் சமிக்ஞையை முதலில் கவனித்தது ஜாஸ்லின் பெல் என்கிற ஆராய்ச்சி மாணவி. 1974ல் நோபல் பரிசு அவருடைய வழிகாட்டி ஹெவிஷுக்கு, ரைல் என்பவரோடு சேர்த்துப் போனது. மாணவிக்கு இல்லை. அதே 1974ல் ரஸ்ஸல் ஹல்ஸ் என்கிற மாணவர் இரட்டைப் பல்சாரைக் கண்டுபிடித்தார். 1993ல் அவருக்கும் அவருடைய வழிகாட்டி டெய்லருக்கும் சேர்த்தே நோபல் கொடுத்தார்கள். வானம் இடிந்து விழவில்லை.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். ஆராய்ச்சி மாணவர்களுக்கு நோபல் கொடுப்பது, ரொம்ப விதிவிலக்கான சமயம் தவிர, சரியாக இருக்காது என்று ஜாஸ்லின் பெல்லே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பெரிய மனது. ஆனால் நோபல் கண்டுபிடிப்புக்கான பரிசு. திட்டம் யாருடையது, பொறுப்பு யாருடையது என்று அங்கே வாதாடலாம். கோப்பர்னிக்கஸ் பரிசு கூட்டு வேலைக்கான பரிசு, இளைஞர்களை வளர்த்ததற்கான பரிசு. வளர்ந்தவர் இல்லாமல் வளர்த்தவர் எங்கிருந்து வந்தார்?

அதனால் நான் கேட்பது மூன்றே திருத்தம். ஒன்று, பரிந்துரைக்கும்போதே ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு இளம் ஆராய்ச்சியாளரின் பெயர் கட்டாயம் வேண்டும். எல்லை தாண்டிப் போய் வேலை செய்தவராக இருந்தால் முன்னுரிமை. இரண்டு, அந்தப் பெயர்கள் பரிசு அறிவிப்பில் பேராசிரியர்கள் பெயருக்குப் பக்கத்தில் வர வேண்டும். அடிக்குறிப்பில் இல்லை. மூன்று, பரிசுப் பணத்தில் ஒரு பங்கு நேரடியாக அவர்கள் கையில் போக வேண்டும். பங்கு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

மேடையில் இன்னும் இரண்டு நாற்காலி, அவ்வளவுதான். கோப்பர்னிக்கஸ் முன்னுரையில் ஒரு பெயர் விட்டுப் போய் ஐந்நூறு வருடம் ஆகப் போகிறது. அவரால் இனிமேல் திருத்த முடியாது. அவர் பெயரில் பரிசு கொடுக்கிறவர்களால் முடியும். திருத்துங்கள் ஐயா.