எத்தனை சென்டிமீட்டர்?

சென்ற ஆண்டு என் அக்காவுக்குத் தலைப்பிரசவம். 37ஆவது வாரத்தில் தனியார் கிளினிக் ஒன்றில் உள்பரிசோதனை செய்த மருத்துவர், "2 சென்டிமீட்டர் திறந்திருக்கிறது" என்றார். அவ்வளவுதான்! அம்மா வேலைக்கு விடுப்பு எடுத்தார். அத்தானின் காரில் துணிப்பை ஏறியது. தாப்பாவிலிருந்து பாட்டியும் வந்து சேர்ந்தார். குழந்தையோ 40ஆவது வாரத்தில்தான் பிறந்தது. இடைப்பட்ட நாள்களில் அக்கா சரியாகத் தூங்கவே இல்லை.

அந்தப் பரிசோதனையால் என்ன பயன்?

பிரசவம் நெருங்கும்போது கருப்பை வாய் மென்மையாகி, மெலிந்து, திறக்கத் தொடங்கும். சிலருக்கு இது பல வாரங்களாக மெல்ல நடக்கும். சிலருக்குச் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். 3 சென்டிமீட்டர் திறந்தவர் வாரக்கணக்கில் காத்திருப்பதுண்டு. மூடியிருந்தவர் அன்றிரவே பிள்ளை பெறுவதுமுண்டு. வலி தொடங்குமுன் எடுக்கும் அளவு, பிறக்கும் நாளைச் சொல்லாது.

அப்படியானால் இப்பரிசோதனையே வீணா? இல்லை. மருந்து கொடுத்து வலியை வரவழைக்க வேண்டுமானால், கருப்பை வாய் தயாரா என்று பார்த்தே ஆகவேண்டும். அதற்காகவே எட்வர்ட் பிஷப் என்ற மருத்துவர் 1964இல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார். 39ஆவது வாரத்திலிருந்து, பனிக்குடச் சவ்வை விரலால் சற்று விலக்கி வலியைத் தூண்டும் முறை வேண்டுமா என்று தாயிடம் பேசி, சம்மதம் பெற்றுச் செய்யலாம் என்கிறது பிரிட்டனின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டி. பிரசவ வலியின்போது நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறை பார்க்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. இங்கெல்லாம் விடையைப் பொறுத்து அடுத்த முடிவு மாறுகிறது.

எதுவும் மாறப்போவதில்லை என்றால், வலியையும் கூச்சத்தையும் ஒரு பெண் ஏன் தாங்க வேண்டும்? பனிக்குட நீர் கசிந்தாலோ இரத்தம் போனாலோ மருத்துவமனைக்கு ஓடத்தான் வேண்டும். இரத்தப்போக்கு இருந்தால், நஞ்சுக்கொடி தாழ்ந்திருக்கிறதா என்று ஸ்கேனில் பார்க்காமல் விரலால் சோதிப்பதே ஆபத்து.

"டாக்டரிடம் போய்க் கேள்வி கேட்பதா?" என்பார் பாட்டி. கேட்பது அவமரியாதை ஆகாது. ஆனால் கேட்பதற்குச் சொல் வேண்டுமே! தமிழ்ப்பள்ளியில் 'கருப்பை வாய்' என்ற சொல்லை நான் கேட்டதில்லை. இடைநிலைப்பள்ளியில் 'செர்விக்ஸ்' என்று மலாயில் மனப்பாடம் செய்தேன். வீட்டிலோ 'கீழே' என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். பெயர் சொல்லக் கூசும் உறுப்பைப் பற்றி எப்படிக் கேள்வி கேட்பது?

பட்டம் பெறப்போகும் நாம் நம் அக்காமார்களுக்கு இரண்டு கேள்விகளையாவது கற்றுக்கொடுப்போம். "இந்தப் பரிசோதனை எதற்கு? இதன் விடையால் என்ன மாறும்?" தக்க பதில் வந்தால் சம்மதிக்கட்டும். வராவிட்டால், "இப்போது வேண்டாம், டாக்டர்" என்று சொல்லும் உரிமை தாய்க்கு உண்டு.